கவர் போட்ட கம்ப்யூட்டர்

பாலிடெக்னிக் ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒரு வாக்கியம் எப்படியும் வந்து விழும்: "பசங்களுக்குக் கம்ப்யூட்டர் அறிவே இல்லைங்க சார்." அடுத்த டீ வருவதற்குள் அதே ஆட்கள், "எந்நேரமும் போன்லயே கிடக்கறானுங்க, என்ன பண்றதுன்னே தெரியல" என்பார்கள். இரண்டுக்கும் எல்லோரும் தலையாட்டுவோம். அந்தப் போனும் ஒரு கம்ப்யூட்டர்தானே என்று யாரும் கேட்பதில்லை.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். பத்தாம் வகுப்பு முடித்து நேராக வருகிறவர்கள் ஒரு பாதி. ப்ளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறவர்கள் மீதி. பெரும்பாலும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா தறி ஓட்டுவார், லாரி ஓட்டுவார், இல்லை கட்டட வேலைக்குப் போவார். வீட்டில் கீபோர்டைத் தொட்ட முதல் ஆள் இந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். இவர்களைப் பற்றிய புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. திறமை இல்லை என்று நாம் சொல்வது உண்மையில் திறமையைப் பற்றியதே இல்லையோ என்று.

முதலில் போனைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்று ஒன்று இருக்கும். அதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் போய் அனிமேஷன் ஓடும் நேரத்தைக் குறைத்தால் பழைய போனும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும். இதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தரவில்லை. எங்கள் முதலாமாண்டுப் பையன்களில் பலருக்கு இது அத்துப்படி. 2020 ஜூன் கடைசியில் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது காம்ஸ்கேனரும் அதில் போனது. அப்போது ஆன்லைன் வகுப்புக் காலம், அசைன்மென்டை பி.டி.எஃப். ஆக்கி அனுப்ப ஆசிரியர்கள் பலரும் அதைத்தான் நம்பியிருந்தோம். மாற்று எது என்று நாங்கள் குழுவில் விசாரித்துக்கொண்டிருந்தபோது மாணவர்களிடமிருந்து வேறொரு ஸ்கேனரில் எடுத்த அசைன்மென்ட் வந்து சேர்ந்துவிட்டது. பப்ஜி போனது, ஃப்ரீ ஃபயர் போனது, அவற்றுக்கும் என்னென்னவோ வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழிகளை நான் பாராட்டப் போவதில்லை. ஆனால் தேடிப் பார்ப்பது, சரிவராவிட்டால் வேறு வழி முயல்வது, நண்பனுக்குச் சொல்லித் தருவது ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

இதே பையன் கேட் (CAD) லேபுக்குள், அதாவது கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் லேபுக்குள், வருகிறான். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பையை வெளியே வைக்க வேண்டும். போன் உள்ளே வரக்கூடாது. மானிட்டருக்குத் துணிக் கவர், அதை மடித்து ஓரமாக வைக்க வேண்டும். சுவரில் 'தேவையில்லாமல் எதையும் தொடாதே' என்று ஒரு சார்ட். உட்கார்ந்தவுடன் பையன் வேறு ஆளாக மாறிவிடுகிறான். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டால் படிப்பதே இல்லை, கையைத் தூக்கிவிடுவான். "சார், ஏதோ வந்துருச்சுங்க." போனிலும் இதே மாதிரி பெட்டிகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அங்கே ஓகேவை அழுத்திப் பார்த்துவிட்டு மேலே போகிறான். இங்கே அழுத்த மாட்டேன் என்கிறான்.

அப்புறம் இந்த ஃபைல் விவகாரம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிளம்மர் பிளாக் என்ற இயந்திர பாகத்தை வரைவான், சேவ் செய்வான், அடுத்த வகுப்பில் ஃபைல் இருக்காது. "சேவ் பண்ணுனங்க சார், எங்க போச்சுன்னு தெரியலீங்க." இதில் ஒரு பாதி போனின் வேலை. போட்டோ எடுத்தால் கேலரியில் இருக்கும், பாட்டு இறக்கினால் பாட்டுச் செயலியில் இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஒரு மரம் இருப்பதைப் போன் அவனிடமிருந்து மறைத்தே வைத்திருக்கிறது. அதனால் டிரைவ், பாத், எக்ஸ்டென்ஷன் என்று நாம் பேசுவதெல்லாம் அவன் காதில் வெறும் சத்தம்தான். இன்னொரு பாதி எங்கள் வேலை. பல லேப்களில் டீப் ஃப்ரீஸ் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருப்பார்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், சேர்த்து வைத்த ஃபைல் உட்பட. மாணவர்கள் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. எதைக் கெடுத்தாலும் மறுநாள் காலை அது சரியாகி இருக்கும். அதாவது பயமில்லாமல் நோண்டிப் பார்க்க இதைவிட நல்ல கம்ப்யூட்டர் ஊரில் கிடைக்காது. இதை மாணவனிடம் சொல்லிப் பார்த்த லேபை நான் அதிகம் கண்டதில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர் என்ற தடிப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் புரியும். லேபில் உள்ள ஒவ்வொரு மவுஸும் அதில் எழுதியிருக்கும். ஆடிட் வரும், எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். கெட்டுப்போனதைக் கழிப்பதற்கு கண்டம்னேஷன் என்று தனிச் சடங்கு உண்டு. கமிட்டி, கையெழுத்து, ஏலம். ஓடாத மானிட்டர்கள் ஒரு அறையில் ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். இப்படி ஒரு புத்தகம் தலைக்கு மேல் தொங்கும்போது பொறுப்பாளர் கவர் போடத்தான் செய்வார். அவருடைய பயம் மெல்ல மாணவனுக்கு இறங்குகிறது. மூன்று வருடம் கழித்து அது "எனக்கு கம்ப்யூட்டர் வராது சார்" என்று அவன் வாயிலிருந்து வெளியே வருகிறது.

கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடுவின் கதை தெரியாதவர்கள் குறைவு. ஊருக்கு வந்த ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர். சொந்த வண்டி, அதனால் பிரித்தார். வெள்ளைக்காரர் வீட்டு வண்டியாகவே இருந்திருந்தால் துடைத்து மட்டும் கொடுத்திருப்பார். பின்னாளில், 1945இல், அவரே அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டே போதும் என்று அரசாங்கத்தோடு முரண்பட்டு விலகினார். அவர் கணக்கு சரியா தப்பா என்பது வேறு பேச்சு. கையில் கொடுத்துக் கற்பித்தால் காலம் குறையும் என்ற அவர் எண்ணத்தை நான் மறுக்க மாட்டேன்.

சொந்தமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இலவச லேப்டாப். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பள்ளி மாணவர்களோடு பாலிடெக்னிக் மாணவர்களும் பெற்றார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு இந்திய அரசின் இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பலபேர் செய்த முதல் வேலை அந்த பாஸைத் தூக்கிவிட்டு, எங்கிருந்தோ வந்த ஒரு விண்டோஸை ஏற்றியது. லினக்ஸ் நண்பர்களுக்கு இது வருத்தமான செய்தி. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது: பூட் ஆர்டர், பார்ட்டிஷன், டிரைவர் என்ற சொற்களை அந்தப் பிள்ளைகள் தாங்களே கெடுத்து, தாங்களே சரி செய்து கற்றுக்கொண்டார்கள். விற்றவர்களும் உண்டு, அடகு வைத்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கொரோனாவை ஒட்டி விநியோகம் நின்றது. அதற்குப் பின் வந்த சில வருட மாணவர்களிடம் நான் பார்த்த முக்கியமான வித்தியாசம், விண்டோஸ் போடத் தெரிந்த ஒருவன் வகுப்புக்கு ஒருவனாகக்கூட இல்லாமல் போனதுதான். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மடிக்கணினியாகவே கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் எண்ணம். கைக்கணினி பெரிய போன்தான்.

மாணவர்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன், பெண் பிள்ளைகள் கதை தனி. கிராமப்புறக் கல்வி நிலையை ஆய்வு செய்யும் ஏசர் (ASER) அமைப்பு 2023இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் கிராமப்புற 14 முதல் 18 வயதினரைச் சந்தித்தது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே இது தெரியும். சில எண்களின் படத்தில் முருகனோ குலதெய்வமோ இருக்கும். அது அப்பாவின் போன். நோட்ஸ் அனுப்பினால் அவர் வேலை முடிந்து வீடு வந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இரண்டு நீல டிக் விழும். போனை நோண்டிக் கற்கும் வாய்ப்பு இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் கேட் லேபில் கடைசி வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வேறு எங்கேயும் கிடைக்காத மெஷின் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாலரை மணிக்கு லேபைப் பூட்டுகிறோம்.

திறமையின் இன்னொரு கிளை ஜெராக்ஸ் கடையில் தொங்குகிறது. சேர்க்கை விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாமே இப்போது ஆன்லைன். ஆனால் மாணவன் அதை ஆன்லைனாகப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் ஆதாரைக் கொடுப்பான், ஓ.டி.பி. வந்தால் வாசித்துக் காட்டுவான், நூறோ இருநூறோ கொடுத்துவிட்டு பிரிண்டோடு வருவான். ஈமெயில் முகவரியைக் கடைக்காரரே உருவாக்கியிருப்பார். பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும், அதுவும் பழைய நோட்டில் எழுதியிருந்தால். இதன் விலை பின்னால்தான் தெரிகிறது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஆட்டோகேடை இலவசமாகவே தருகிறது. ஓராண்டு உரிமம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். படிக்கிறதற்கான சான்றைப் பதிவேற்றி, மெயிலில் வரும் இணைப்பை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டு மாணவனிடம் இதைச் சொன்னால், "எம் மெயில் பாஸ்வேர்டு கடை அண்ணங்கிட்டதானுங்க சார் இருக்குது" என்கிறான்.

சரி, இவர்கள் படித்து முடித்துப் போகும் இடத்துக்கு வருவோம். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கோவையின் தொழிற்பேட்டைகள். கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்படி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. லேத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில், ப்ரோக்ராமை யாரும் மாற்றாதபடி பூட்ட, ப்ரோக்ராம் புரொடெக்ட் என்று ஒரு சாவித் துளை இருக்கும். சாவி, மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரிடமோ சூப்பர்வைசரிடமோ இருக்கும். ஆபரேட்டர் ஜாப்பை (கடைய வேண்டிய துண்டை) ஏற்ற வேண்டும், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்த வேண்டும், இறக்க வேண்டும். அதிகபட்சம் ஆஃப்செட்டில், அதாவது டூலின் அளவுத் திருத்தத்தில், கை வைக்கலாம். 25 மில்லிமீட்டர் வர வேண்டிய விட்டம் மைக்ரோமீட்டரில் 25.03 காட்டினால் டூல் முனை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்மானத்துக்கான வேர் (wear) ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 கொடுத்துவிட்டு அடுத்த பீஸைப் பார்ப்பான். இந்த ஒரு காரியத்தில் அளவு, உலோகம், கணினி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் கேட்டால் "பட்டன் அமுக்கற வேலைங்க சார்" என்பான். ஏன் மைனஸ், ஏன் 0.015 இல்லாமல் 0.03 என்று கேட்டால், லேத்தில் எக்ஸ் அச்சு ஆரக் கணக்கில் இல்லாமல் விட்டக் கணக்கில் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்கள். மெஷின் கம்பெனியுடையது, ப்ரோக்ராம் செட்டருடையது, தன்னுடையது எட்டு மணி நேரம் மட்டுமே என்று அவன் தீர்மானித்துவிடுகிறான். கல்லூரியில் கவர், கம்பெனியில் சாவி. நடுவில் எங்கே அவனுக்கு இது தன் விஷயம் என்று தோன்றும்?

கோவையில் கணபதி பக்கம் சிறிய ஒர்க்ஷாப்களில் இதற்கு நேர்மாறாகப் பார்க்கலாம். ஒரே ஒரு சி.என்.சி., கடனில் வாங்கியது. முதலாளியே செட்டர், அவரே ப்ரோக்ராமர், அவரே டெலிவரிக்கும் போவார். அவர் வெளியே போயிருக்கும்போது மெஷின் நிற்கக் கூடாது. அதனால் பையன் ஆறே மாதத்தில் ப்ரோக்ராம் எழுதக் கற்றுவிடுகிறான். சம்பளம் பெரிய கம்பெனியைவிடக் குறைவு, கேன்டீன் கிடையாது, பஸ் கிடையாது. பெற்றோர்கள் ஓசூரைத்தான் விரும்புவார்கள், அது நியாயமும்கூட. கற்றுக்கொள்வது எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டால் என் பதில் கணபதி.

அரசு பணம் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய் மதிப்பில் மேம்படுத்தியிருக்கிறார்கள். ரோபோ, மின்வாகனம், நவீன சி.என்.சி. என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. 2022 மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் தனி. நல்ல காரியங்கள். என் கேள்வி ஒன்றுதான்: அந்த ரோபோவை மாணவன் எத்தனை மணி நேரம் தனியாக ஓட்டுவான்? முப்பது பேர் கைகட்டிச் சுற்றி நிற்க, பயிற்றுநர் ஒருமுறை கையை அசைத்துக் காட்டினால் அதற்குப் பெயர் டெமோ. டெமோ பார்த்தவர்களுக்கு மெஷின் மேல் மரியாதைதான் கூடும்.

அந்த மரியாதையின் இன்னொரு முகம்தான் இப்போது ஏ.ஐ. ரூபத்தில் வந்திருக்கிறது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை முன்பு புராஜெக்ட் சென்டரில் வாங்குவார்கள். சோலார் புல்வெட்டி, தானியங்கி நியூமேட்டிக் பம்பர், ஹெல்மெட் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும் பைக், இந்த மூன்றையும் பார்க்காத எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். இன்று ரிப்போர்ட்டை சாட்ஜிபிடி எழுதுகிறது, பைண்டிங் மட்டும் கடையில். அதை நான் பெரிய சீரழிவாக நினைக்கவில்லை, முன்பும் யாரும் சொந்தமாக எழுதவில்லை. என்னை யோசிக்க வைத்தது சி.என்.சி. ப்ரோக்ராம். ஒரு மாணவன் ஸ்டெப் டர்னிங்குக்கு, அதாவது ஒரே ராடைப் படிப்படியான விட்டங்களில் கடைவதற்கு, ஏ.ஐ.யிடம் ப்ரோக்ராம் வாங்கி வந்தான். பலமுறை சீவி அளவுக்குக் கொண்டுவரும் ஜி71 சைக்கிள் என்ற கட்டளையை ஒரே வரியில் எழுதியிருந்தது. அப்படி எழுதும் கன்ட்ரோல்கள் உண்டு. எங்கள் கன்ட்ரோலுக்கு இரண்டு வரி வேண்டும். மெஷின் அலாரம் கொடுத்தது. "கம்ப்யூட்டர் சரியாத்தானுங்க சார் கொடுத்துருக்குது, மெஷின்லதான் ஏதோ" என்றான். கீபோர்டைத் தொடப் பயந்த அதே பையன்தான், திரையில் வந்த வரியைக் கேள்வி கேட்கவும் பயப்படுகிறான். இரண்டும் ஒரே வியாதி என்றே எனக்குப் படுகிறது. ஒரு பொருளைத் திறந்து, கெடுத்து, திரும்ப மாட்டியவன் அதைக் கும்பிட மாட்டான்.

எங்கள் துறையில் மூத்தவர் ஒருவர், மெஷின் ஷாப் பொறுப்பாளர், இதைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "டரட் போய் சக்குல இடிச்சா யார் சார் காசு கட்டறது?" டரட் என்பது டூல்கள் மாட்டிய தலை, சக்கு என்பது ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பிடி. பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஒரு இடிக்கு லட்சத்தில் செலவு வரும், ஆளுக்கும் ஆபத்து. ஆனால் அந்த மெஷினைச் செய்தவனுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. பேனலில் மெஷின் லாக் இருக்கிறது. போட்டால் அச்சு நகராது, ப்ரோக்ராம் திரையில் மட்டும் ஓடும். டிரை ரன் இருக்கிறது, ஜாப் மாட்டாமல் காற்றில் ஓட்டிப் பார்க்கலாம். சிங்கிள் பிளாக் போட்டால் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று போகும். டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் பொதுவாக வெட்டும் ஓட்டம் அப்படியே நிற்கும். வெட்டாமல் வேகமாக நகரும் ரேப்பிடுக்குத் தனி ஓவர்ரைடு இருக்கிறது, அதையும் குறைத்து வைக்கலாம். தப்பு செய்து பார்க்க வேண்டிய அத்தனை வழியும் பட்டனாகவே இருக்கிறது. பாடத்தில் இவற்றின் பெயரை இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்கிறோம்.

அவருக்கும் எனக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. முதலில் சிமுலேட்டர், அப்புறம் மெஷின் லாக், அப்புறம் டிரை ரன். இவை தாண்டி வந்தவனுக்கு இரும்புக்குப் பதிலாக நைலான் ராடு. டூல் ஆழமாக இறங்கிவிட்டாலும் பெரும்பாலும் ராடுதான் நாசமாகும், டூலின் வெட்டு முனையான இன்செர்ட் தப்பிக்கும். சக்குக்குப் பக்கத்தில் போகும் வேலை எதுவும் இந்தச் சுற்றில் கிடையாது என்பது அவருடைய நிபந்தனை. எமர்ஜென்சி ஸ்டாப்பில் அவர் கை இருக்கும், மற்றபடி மாணவனைத் தடுக்க மாட்டார். இதற்கும் ரெஜிஸ்டரில் இடம் வேண்டுமே, நைலான் ராடைக் கன்ஸ்யூமபிள் (பயன்படுத்தித் தீரும் பொருள்) தலைப்பில் காட்டலாம் என்று ஆபீஸில் வழி சொன்னார்கள். வாங்குவதற்கு மூன்று கடையில் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது கடைக்காரர், இவ்வளவு சின்ன ஆர்டருக்கு லெட்டர்பேடில் எழுதி சீல் வைத்துத் தர வேண்டுமா என்று போனில் சலித்துக்கொள்கிறார்.